வாடகைக்கு விடலாம்

என் மகள் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து ஓர் இணையதளம் தொடங்கினாள். டிராக்டர், அதில் பூட்டி மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், கதிர் அறுக்கும் எந்திரம் வைத்திருப்பவர்கள் அதில் பதிய வேண்டும். வாடகைக்கு வேண்டியவர்கள் பார்த்துக் கூப்பிடுவார்கள். புரட்டாசி உழவுக்குள் ஐம்பது எந்திரம் சேராவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவதென்று தனக்குத் தானே கெடுவும் வைத்துக்கொண்டாள். எனக்குத் தளத்தின் மேல் நம்பிக்கை இல்லை. அவள் திரும்பிப் போவதிலும் விருப்பம் இல்லை.

மானியத்தில் வாங்கிய எந்திரங்களை ஊர் ஊராகப் போய் ஆய்வு செய்வதுதான் நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை. வழி தெரியும், ஆட்களைத் தெரியும் என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். கைப்பேசி விளம்பரத்தை யாரும் சீந்தாததால் நோட்டீஸ் அடித்தோம். மோகனூரில் கரும்பு வண்டி நிற்கும் இடம், டீசல் பங்க், உதிரிபாகக் கடை, டீக்கடை எல்லாவற்றிலும் கொடுத்தோம். கொஞ்ச தூரம் போனதும் வண்டியைத் திருப்பச் சொல்லி, நோட்டீஸ் வடை மடிக்கப் போய்விட்டதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் போயிருக்கும். மகள் சலிக்காமல் மறுபடி கொடுப்பாள்.

மூன்றாம் வாரம், நோட்டீஸோடு நாங்கள் நீட்டிய பதிவுப் படிவங்கள் மளமளவென்று நிறைந்தன. அவளுக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தேகம். இந்தப் பக்கத்தில் ஒருவர் கேட்டவுடன் படிவம் நிரப்பி நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டேன். ஒன்று கோழிப்பண்ணை. இரண்டு உபயோகத்தில் இல்லை. நான்கு பேர் ஒரே எண்ணை எழுதியிருந்தார்கள். முதல் ஆள் எழுதிய பொய்யை மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அது ஆத்தூரில் ஒரு டீ மாஸ்டருடையது. "உங்களுக்கும் ரோட்டவேட்டர்தானா சார்?" என்றார் அவர்.

மகள் படிவங்களைப் பிரித்து அடுக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க கூட வராத ரெண்டு நாள்ல எழுதுனது மட்டும் சரியா இருக்குதுங்கப்பா."

அந்த இரண்டு நாள் படிவங்களை வாங்கி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன்; எல்லோரும் எடுத்தார்கள்.

மறுநாள் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். என் தலையைக் கண்டதும் தோட்டக்காரர் ரோட்டவேட்டர் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டார். மச்சானுடையது, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். மானியத்தில் அவர் வாங்கியபோது படம் எடுத்து, கோப்பில் ஒட்டி, கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

மானிய எந்திரத்தைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு விற்கக் கூடாது என்பதுதான் எங்கள் விதி. அடுத்தவர் நிலத்தில் வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று அதில் எந்த வரியும் இல்லை. ஆனால் ஆய்வுக்குப் போனால், "யார் காட்டில் ஓடுகிறது?" என்று கேட்பது என் வழக்கம். கேட்டதும் எதிரில் இருப்பவர் குரல் தணியும், இளநீர் வரும். விதியில் இல்லாத அந்தப் பயத்தைத் திருத்த வேண்டும் என்று எனக்கு ஒருமுறையும் தோன்றவில்லை.

மகள் பக்கத்தில் நின்றாள். வாடகைக்கு விடலாம், தப்பே இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

"அப்ப ஏனுங்க, அன்னைக்கே அதைச் சொல்லலை?"

கேட்காமல் விட்டீர்களே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"வாய்ல சொன்னா ஆவாதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பொறவு நம்பர் தாரேன்."

ஓய்வு பெற்றவன் கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது. அது எனக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது என்று நினைக்க இடமில்லை. நோட்டீஸின் பின்பக்கம் எழுதி, பழைய பதவியைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் ஓய்வு என்றும் குறித்தேன். இரண்டு முறை படித்தார். "தேதி போடலீங்களே" என்றார். போட்டேன்.

எண்ணைச் சொன்னார். பிறகு, பக்கத்துத் தோட்டங்களில் எந்திரம் வைத்திருப்பவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே மாதிரி தனித்தனியாக வேண்டியிருக்கும் என்றார். மகள் என் கையிலிருந்த நோட்டீஸ் கட்டை வாங்கிக் காரில் போட்டுவிட்டு, வெள்ளைத்தாள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவரிடம் கேட்டாள்.