மாணிக்கம் அண்ணை வீட்டு விறாந்தை லைற்

எனக்குக் கறண்ட் வேலை தெரியும் என்று இந்தப் பக்கத்தில் ஒருமுறை எழுதிப் பீற்றிக்கொண்டேனே... அது எவ்வளவு பெரிய பிழை! அன்றிலிருந்து யார் வீட்டில் பியூஸ் போனாலும் என் வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்கிறது.

போன ஞாயிறு மணி அடித்தது மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து வந்த ஆள். பூமணி அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்: "விறாந்தை லைற் பத்துதில்லை. தம்பியை உடனை வரச்சொல்லு."

உடனே போனேன். கலியாணத்துக்கு முன் மூன்று வருஷம் அந்த வீட்டு அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அக்காவும் கடல் தொழில் செய்யும் அவர் கணவர் மாணிக்கம் அண்ணையும் என்னை வேற்று ஆளாக நினைத்ததே இல்லை. அவர்களுடைய ஒரே மகன் தவம் தை மாதம் தன் வள்ளத்தில் கடலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. எட்டு மாதமாகிவிட்டது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். வீட்டு ஆம்பிளைகள் தொழிலுக்குப் போனால் கடல் பார்த்த பக்கம் ஒரு விளக்கு எரியும். கடைசி ஆள் கரையேறின பிறகுதான் அணைப்பார்கள். முன்பு அரிக்கன் லாம்பு, இப்போது பல்ப். தவம் வராமல் போன நாளிலிருந்து அந்த பல்ப் இரவு பகல் பாராமல் எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சுவிச்சில் ஒருவரும் கை வைப்பதில்லை.

"மூண்டு பல்ப் மாத்தியாச்சு, தம்பி. பான் சுத்துது, லைற் மட்டும் இல்லை. ரெண்டு நாளா எனக்குப் பச்சைத்தண்ணி இறங்கேல்லை" என்றார் அக்கா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

பான் சுற்றினால் சுவிச் பலகைக்குக் கறண்ட் வருகிறது. பல்பை உள்ளறையில் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. ஹோல்டரிலும் பிழையில்லை. அப்படியானால்... சுவிச்தானே?

அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். மெயினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினேன். அண்ணை பக்கத்தில் நின்று ஆணிகளை உள்ளங்கையில் வாங்கினார்.

பல்புக்குப் போகும் வயர் சுவிச்சைவிட்டு வெளியே நின்றது. கருகவில்லை, அறவில்லை. முனையில் ஒட்டும் கறுப்பு ரேப் மூன்று சுற்று — அவ்வளவு நேர்த்தி! எலியா சுற்றும்?

திரும்பினேன். அண்ணை குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நான்தான் தம்பி. அவளுக்குச் சொல்லிப்போடாதை."

"ஏன் அண்ணை?"

"அண்டைக்கு நான்தான் முதல் கரைக்கு வந்தனான். பெடியன் பின்னாலை வாறான், லைற்றை நிப்பாட்டிப்போட்டு வந்து படு எண்டு நான்தான் இவளுக்குச் சொன்னனான். அவன்ரை வள்ளத்தைக் கண்ணாலை கண்டே சொன்னனான்? அலுப்பிலை சொன்னன். இப்ப ஒவ்வொரு விடியப்புறமும் கரைக்கு வரேக்கை உந்த லைற்தான் முதல் தெரியுது. என்னாலை ஏலாது, தம்பி."

வயரை மறுபடி பூட்டினால் இவர் சாவார். பூட்டாவிட்டால் அக்கா சாவார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதில் என்ன வெட்கம்?

அக்கா தேத்தண்ணியோடு வந்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"பின்னேரத்துக்கு முதல் பத்துமோ, தம்பி? இல்லாட்டி இண்டைக்கு இவரைத் தொழிலுக்கு விடமாட்டன். ரெண்டு நாளா இருட்டுக்கை வந்தவர். நான் வாசல்லை நிண்டு செத்துப் பிழைச்சன்."

"லைற் தவத்துக்கு எண்டெல்லோ அக்கா நான் நினைச்சன்..."

"ஊரும் அப்பிடித்தான் நினைக்குது. பெடியன் வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியாதே? ஒருக்கா அவசரப்பட்டு நிப்பாட்டினது காணும், இனி வேண்டாம். இவரெண்டாலும் எனக்கு வந்து சேரவேணும்."

அண்ணை ஆணிகளை என் கையில் வைத்தார். ஸ்குறூ ட்றைவரைப் பறிக்காத குறையாக வாங்கினார். ரேப்பை நகத்தால் உரித்து, வயரை உரிய இடத்தில் விட்டு, தடுமாற்றமே இல்லாமல் முறுக்கினார். கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது.

அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "இவர் எப்ப உந்த வேலை பழகினவர்?"

"இப்பதான் அக்கா. நான் சொல்லிக் குடுத்தனான்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

மெயினைப் போட்டோம். பட்டப்பகல் வெயிலில் பல்ப் எரிந்தது. அக்கா அதைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இஞ்சேர்," என்றார் அண்ணை, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே. "நாளைக்கு நான் வந்தாப் பிறகு இதை நிப்பாட்டுவமோ?"

அக்கா கடலைப் பார்த்தார்.

"ஓம்... நீங்கள் வந்து, கொஞ்சம் பொறுத்து."

எவ்வளவு நேரம் என்று அண்ணை கேட்கவில்லை.