முந்திப் போன சித்தி

என் தங்கை டெல்ஃபீன் சிகாகோவில் பாலே ஆடுகிறவள். பன்னிரண்டு வயதில் போனவள், நாற்பதை நெருங்கும்போது முழங்காலில் பட்டையோடு வந்து நிற்கிறாள். இந்த வருஷத்தோடு போதும் என்று குழுவில் சொல்லிவிட்டார்களாம். பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், எங்கள் பழங்குடி மொழியில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவள் வந்த நேரம், என் மகள் ஷான்டீனுக்குப் பெரியவளான சடங்கு.

எங்கள் சடங்கில் பெண் தினமும் விடியற்காலையில் கிழக்கே ஓட வேண்டும்; கடைசி நாள் எல்லை மரத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கடைசி ஓட்டம் முடிந்ததும் ஒருத்தி அவளைக் கம்பளத்தில் படுக்கவைத்து உடம்பெல்லாம் நீவிவிடுவாள். நீவுகிறவளின் குணம் பெண்ணுக்குள் இறங்கிவிடும். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெல்மாவிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். ஷான்டீனோ, "சித்திதான் நீவணும்" என்று அடம்பிடித்தாள்.

"வாயை மூடுடி! இவ நீவினா நீயும் ஊரை விட்டுப் போயிருவ. அம்மா மூஞ்சியே மறந்துரும்."

எனக்கு இருப்பது ஒரே பெண்.

"சண்டை வேணாம்க்கா," என்றாள் டெல்ஃபீன். "நான் பின்னால ஓடி வரேன், அது போதும்."

"ஓடற பொண்ணை முந்திராத. முந்தினா சீக்கிரம் கெழவியாயிருவ, ஞாபகம் இருக்கா மகாராணிக்கு?"

"முந்துற காலா இது?"

கடைசி ஓட்டம். ஷான்டீன் முன்னால், நாங்கள் பின்னால், எல்லோருக்கும் கடைசியில் நொண்டிக்கொண்டு டெல்ஃபீன். எல்லை மரம் கண்ணுக்குத் தெரியும்போது, ஆட்டுப்பட்டியிலிருந்து மூன்று நாய்கள் சீறிக்கொண்டு வந்தன. ஷான்டீன் அப்படியே உறைந்துவிட்டாள். மரத்தைத் தொடாமல் திரும்பினால் சடங்கே கெட்டுப்போகும். முந்திப்போய் விரட்ட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பெற்றவள் நான், எனக்கே கால் எழவில்லை.

என்னை உரசிக்கொண்டு ஒருத்தி பாய்ந்தாள். ஷான்டீனைத் தாண்டிப்போய் நாய்களுக்கு முன்னால் மண்ணை வாரி இறைத்து, "ஓடுங்க சனியன்களா!" என்று கத்தினாள். எங்கள் மொழியில்! எங்கள் அம்மா நாய் விரட்டும் அதே வார்த்தை. நாய்கள் பின்வாங்கின. ஷான்டீன் ஓடிப்போய் மரத்தைத் தொட்டாள்.

டெல்ஃபீன் மணலில் விழுந்து கிடந்தாள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. இனி மேடை ஏறுகிற கால் இல்லை அது.

"முந்திட்டியேடி பாவி!"

"என் தொழில்ல நான் எப்பவோ கெழவிக்கா. இதுக்கு மேல என்ன ஆகப்போறேன்?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேர் அவளைத் தூக்கி வந்தார்கள். வாசலில் வெல்மா கை கழுவிக்கொண்டு தயாராக நின்றாள்.

"வெல்மா, கோவிச்சுக்காத. நீ போய்ச் சடங்குக்கு மண்குழியில வேகற சோள கேக்கைப் பாரு," என்றேன்.

ஷான்டீன் கம்பளத்தில் குப்புறப் படுத்தாள். டெல்ஃபீனை அவள் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"அக்கா, என் குணம் இறங்கிருமே..."

"இறங்கட்டும். நல்லா அழுத்தி நீவு."