அடிக்கோடு யார் பெயருக்கு

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள் மதியம், பாதி ஆபீஸ் கிளம்பிவிட்ட பிறகு அந்த ஃபேக்ஸ் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் ஸ்டெனோ. மூலக்கூறு உயிரியல் துறைத் தலைவர் சௌத்ரி சார் என் பாஸ்.

ஃபேக்ஸ் ஜெர்மனியில் நடக்கவிருந்த ஆர்.என்.ஏ. மாநாட்டுக்காரர்களுடையது. இளம் ஆய்வாளர்களுக்கான பயண உதவி கேட்ட எங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். பேசப்போகிறவர் மூத்த பேராசிரியராம், அவருக்கு இந்த உதவி கிடையாதாம். தவறு என்றால் துறைத் தலைவர் கையெழுத்தோடு இன்றைக்குள் தெரிவிக்க வேண்டும்.

பேசப்போகிறவள் மீனா. இங்கேயே, கல்கத்தா லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பிஎச்.டி. மூன்றாம் வருடம். மலேரியா கிருமியின் ஆர்.என்.ஏ.வோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவள். அந்த உதவி இல்லாமல் அவளால் போக முடியாது.

நாங்கள் அனுப்பிய அப்ஸ்ட்ராக்டின், அதாவது ஆய்வுச் சுருக்கத்தின், காப்பியை ஃபைலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்போதெல்லாம் அப்ஸ்ட்ராக்டை அவர்கள் அனுப்பும் ஃபாரத்தில், நீலக் கட்டத்துக்குள் டைப் அடிக்க வேண்டும். ஓர் எழுத்து கோட்டைத் தொட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டத்துக்குள் அடக்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பேசுபவர் பெயருக்கு அடிக்கோடு போடுவது விதி. எங்கள் துறையில் எப்போதும் பேசுகிறவர் சார்தான். பத்து வருடப் பழக்கத்தில் என் கை தானாகவே அவர் பெயரை முதலில் அடித்து, கீழே கோடும் போட்டிருந்தது.

மீனா வாசலில் நின்றாள். எல்லாரையும் போல அவளும் என் பெயரோடு 'தி', பெங்காலியில் அக்கா, சேர்த்துத்தான் கூப்பிடுவாள். "லலிதாதி, ஃபேக்ஸ் வந்துதாமே. கிடைச்சுடுத்தா?"

"இல்லை. தப்பு என்னோடது. உன் பேருக்குப் போட வேண்டிய கோட்டை சார் பேருக்குப் போட்டுட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "ஆச்சா, டீக் ஆச்சே" என்று, 'சரி, பரவாயில்லை' என்பதை பெங்காலியில் மெல்லச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சார் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், முன்கோபி. 'இந்த வேலை மீனாவுடையது, பேசப்போவதும் அவள்தான், நான் அல்ல' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபேக்ஸையும் காப்பியையும் அவர் முன் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

இரண்டையும் எடுத்துப் படித்தார். பிறகு பாதி இங்கிலீஷும் பாதி பெங்காலியுமாக அவர் சொன்னது இதுதான்: "லலிதா, இதுல நானும்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"ஆமா சார்."

"படிச்சுப் பார்த்துத்தான் போட்டேன். என் பேருக்குக் கீழ கோடு இருந்தது. எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சேன்." பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "டைப் வேண்டாம், பேனாவைக் கொடு."

மீனாதான் பேசுகிறாள், அவள் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று இரண்டே வரிகள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லைன் கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. சார் வீட்டுக்குப் போகாமல் ஃபேக்ஸ் மெஷின் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக ஓ.கே. என்ற சீட்டு வெளியே வந்தது. அரை மணியில் பதிலும் வந்தது: ஏற்றுக்கொண்டோம். மீனா அழுதுகொண்டே சிரித்தாள். மதியம் சாப்பிடவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் போல நிம்மதியாக நான் எந்தப் பூஜைக்கும் வீட்டுக்குப் போனதில்லை.

மாநாடு முடிந்து திரும்பியவள், அப்ஸ்ட்ராக்ட் புத்தகத்தைக் கொண்டுவந்து சார் மேஜையில் விரித்தாள். முதலில் அவள் பெயர், அடிக்கோட்டோடு. சார் பெயர் கடைசியில். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கோடு நேரா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ரிட்டையர் ஆகும் வரை, யார் அப்ஸ்ட்ராக்ட் கொண்டுவந்தாலும் நான் கையை டைப்ரைட்டரில் வைப்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: "இதை யார் நின்னு பேசப்போறா?" சில பேராசிரியர்கள் முறைப்பார்கள். பின்னால் நிற்கும் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள்.