தெயோலிந்தாக்காவின் படிக்கட்டுக் கைப்பிடி

அமெரிக்காவில், ஃபால் ரிவர் ஊரில், திரைச்சீலை ஆலையை மூடியபோது தெயோலிந்தாக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தொன்பது வருடம் ஒரே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஓரம் அடித்தவர். வேலை போன முதல் வாரத்திலேயே வீட்டிலிருந்த மேஜை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்து முடித்துவிட்டார். அதற்கப்புறம் கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே என் ஸ்வெட்டரில் தொங்கும் நூலைப் பிடித்து இழுப்பார்.

எங்களுடையது மூன்று தள மரவீடு. கீழே வீட்டுக்காரர்களான அவரும் அவர் கணவர் குவால்டெர் அண்ணனும். மேலே நானும் என் கணவரும் ஒன்றரை வயது மகள் நெலியாவும். நடுத்தளம் அந்தக் குளிர்காலத்தில் காலியாக இருந்தது.

ஜனவரியில் ஒருநாள் தபால் எடுக்க வந்த அக்காவின் நகத்தில், படிக்கட்டுக் கைப்பிடியில் பெயர்ந்திருந்த பச்சைப் பெயிண்ட் மாட்டியது. இழுத்தார். ஒரு பட்டையாக வந்தது. உள்ளே மஞ்சள், அதற்கும் உள்ளே சாம்பல். தபாலைப் படியிலேயே போட்டுவிட்டு, சமையலறையிலிருந்து வெண்ணெய்க் கத்தியை எடுத்துவந்தார். மதியத்துக்குள் ஒரு முழ நீளத்துக்கு மரம் தெரிந்தது.

மறுநாளிலிருந்து இரும்புச் சுரண்டி, உப்புத்தாள். காலை ஏழு மணிக்கே கர்ர், கர்ர். குவால்டெர் அண்ணனுக்கு ரொட்டிக்கடையில் இரவு வேலை, பகலில்தான் தூங்குவார். மூன்றாம் நாள் உள்சட்டையோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏம்மா, அது உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

"உள்ளே ஓக் மரம்டா குவால்டெர். இங்க பாரேன், எவ்வளவு அழகா இருக்கு!"

"கழட்டித் தரேன், படுக்கையில வெச்சுக்கோ. என்னைத் தூங்க விடு."

"நீ தூங்கு. நான் மெதுவாத்தான் சுரண்டறேன்."

மெதுவாகவெல்லாம் இல்லை. சாப்பாட்டுக்குக்கூட நிற்கமாட்டார். ஒரு கையில் லிங்குயிசா தொத்திறைச்சி வைத்த ரொட்டி, மறு கையில் சுரண்டி. கைப்பிடியைத் தாங்கும் கடைசல் கால் ஒன்றை முடிக்குமுன் அடுத்ததைத் தொட்டுவிடுவார். படியெல்லாம் தூசி படிந்தது. நெலியா அந்தப் படிகளில்தான் தவழ்ந்து இறங்குவாள். கைப்பிடிக் கால்களை வாயில் வைத்துக் கடிப்பாள்.

நான்காம் நாள் என் தங்கை பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "இவ்வளவு பழைய வீடு... பெயிண்ட்ல ஈயம் இருக்கும்டி. குழந்தையை இதுலயா விட்டிருக்க?"

நெலியாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"அக்கா, நிறுத்துங்க! இந்தத் தூசி விஷமாம். பாப்பா நாலு நாளா இதுலதான் புரண்டிருக்கா."

தெயோலிந்தாக்கா நெலியாவின் உள்ளங்கையைப் பார்த்தார். ரேகைகளில் பச்சைத் துகள். சுரண்டி கையிலிருந்து நழுவிப் படிகளில் உருண்டது. "நத்தாலியா, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

அன்றே கிளினிக்கில் நெலியாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர எட்டு நாள். நான் நெலியாவோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். அக்கா தினம் இரண்டு தடவை போன் பண்ணுவார். "வந்துடுச்சா?" இல்லை என்றதும் வைத்துவிடுவார். அந்த எட்டு நாளும் ஈரத்துணியால் மூன்று தளத்தையும் திரும்பத் திரும்பத் துடைத்தாராம். கை ஓய்ந்தால் அழுகிறாள் என்று குவால்டெர் அண்ணன் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் தூக்கத்தை விட்டுவிட்டு வாளித் தண்ணீர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

முடிவு வந்தது. ஈயம் கொஞ்சம் இருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் நர்ஸ். நானே போன் பண்ணிச் சொன்னேன். மறுமுனையில் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்தக் கைப்பிடியை அப்படியே விட்டுடட்டுமா?"

எனக்குக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் பாதி உரிந்த பெயிண்டை நினைத்தால் கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. "விட்டா இன்னும் உதிரும். விசாரிச்சு ஒழுங்கா முடிங்க. அதுவரைக்கும் நாங்க வரமாட்டோம்."

விசாரித்தார். முகமூடி கட்டி, படிகளில் பிளாஸ்டிக் விரித்து, பெயிண்டை இளக்கும் பசையைப் பூசி, ஊறியதும் ஈரத்தோடு வழித்தெடுத்தார். பசை ஊற ஒரு மணி நேரம் சும்மா இருக்கவேண்டும். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. மூன்று வாரத்தில் கீழ்ப்படிக்கட்டு முடிந்தது. நல்ல ஓக்தான், நடுவில் மட்டும் யாரோ பைன் மரத்தில் செய்து மாட்டிய இரண்டு ஒட்டுக்கால்கள்.

மார்ச்சில் ஒரு மெத்தை ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். சம்பளம் குறைவு, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். யோசிக்கக்கூட இல்லை, திங்கட்கிழமையே போய்விட்டார். நடுத்தளத்துக்கு மேலே கைப்பிடி இன்னும் பச்சையாகவே இருக்கிறது. உதிராமலிருக்க குவால்டெர் அண்ணன் அதன்மேல் இன்னொரு பூச்சு அடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் நானும் நெலியாவும் திரும்பி வந்தோம். இரண்டாவது பரிசோதனையில் நெலியாவுக்கு அளவு இறங்கியிருந்தது. அந்த முடிவுத் தாளைக் கேட்டு வாங்கிய தெயோலிந்தாக்கா இன்றுவரை திருப்பித் தரவில்லை.