இடப்பக்கத்து ஸ்டூல்

பேனாவைத் திறக்கும் முன் ஆதிலட்சுமி அதை உள்ளங்கையில் கிடத்திக் கண்ணை மூடுவாள். "கை உங்களுது, எஜமானே." உதடு அசைவதோடு சரி. சாதிச் சான்று வாங்க வந்தவன் ஆபீஸ் மூடிவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்ப்பான். அவள் பார்க்க மாட்டாள். நேரமும் எஜமானுடையதுதானாம்.

தாலுகா ஆபீஸ் மதிலோரம், பூவரச மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பது அவள் தொழில். ஒரு மடக்கு மேசை, பசை டப்பா, கைநாட்டுக்கு மைப்பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒன்றில் அவள். இடப்பக்கத்து ஸ்டூலில் யாரும் உட்காரக் கூடாது. கால் கடுத்தாலும் நிற்க வேண்டியதுதான். "அங்க ஆளு இருக்கு" என்பாள். மழை விட்டதும் முதலில் துடைப்பது அந்த ஸ்டூலைத்தான்.

டீக்கடை ராஜவேல் ஒருநாள் அதன்மேல் ஒரு கிளாஸ் டீயை வைத்துவிட்டு, "தலைவருக்குச் சக்கரை கம்மி" என்றான். ஆதிலட்சுமி இரண்டு டீயையும் குடித்தாள். "அவரு எனக்கே குடுத்துட்டாரு" என்று கிளாஸை நீட்டினாள்.

ஊரார் மனுவில் ஓர் எழுத்துப் பிசகாது. சொந்த மனு என்றால்தான் வில்லங்கம். குடும்பத் தலைவர் பெயர் கேட்ட இடத்தில் இயேசு கிறிஸ்து என்று எழுதிவிடுவாள். ஞானஸ்நானம் வாங்கி எஸ்தர் ஆன நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக இதே கூத்து. (எஸ்தர் சபைக்குள் மட்டும். கேட்டைத் தாண்டினால் ஆதிலட்சுமிதான்.) "ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போக அவரு இன்னா விருந்தாளியா? அடுப்படியும் அவருது, மிக்சியும் அவருது" என்பாள்.

அவளுடைய ரேஷன் அட்டை மனுவை கிளார்க் விஜயராகவன் மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார்.

"இன்னாம்மா, தலைவரோட ஆதார் ஜெராக்ஸ் எங்க?"

"உசுரோடதான் சார் இருக்காரு. ஜெராக்ஸுக்குத்தான் வர மாட்டாரு."

"கைரேகை வைக்கவாவது வரச் சொல்லு."

"கையில ஆணி அடிச்ச தழும்பு இருக்கு சார். மெஷின் எடுக்குமா?"

விஜயராகவன் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை அடித்துவிட்டுக் கண்ணையன் என்று எழுதினார். அரசாங்கத்துக்கு விசுவாசம் கம்மி என்று ஆதிலட்சுமி விட்டுவிட்டாள்.

கண்ணையன் அவள் புருஷன். சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. சபைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆள். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்தால் வேண்டுமென்றே அந்த ஸ்டூலில் உட்காருவான்.

"எழுந்திருங்க, ஆளு இருக்கு."

"தலைவர் பதவியத்தான் புடுங்கிட்ட. ஸ்டூலையாவது விடுடி."

அவள் ஸ்கேலை ஓங்குவாள். அவன் எழுந்து, துண்டால் ஸ்டூலைத் தட்டி, காற்றுக்கு ஒரு கும்பிடு போடுவான். "உக்காருங்க சார்."

எதுவானாலும் எஜமானைக் கேட்டுத்தான். வைத்திக்குப்பத்தில் மீன் கூடைக்கு எதிரே கண்ணை மூடி நிற்பாள், சங்கராவா கானாங்கெளுத்தியா என்று. "சீக்கிரம் சொல்லச் சொல்லுக்கா, ஐஸ் கரையுது" என்பாள் மீன்காரி பூவிழி. சொல்லிவிடுவார். பெரும்பாலும் கானாங்கெளுத்தி. கண்ணையனுக்குப் பிடித்தது அதுதான்.

போன மாசம் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கண்ணையன் சரிந்தான். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் அவனுக்காக மெஷின் மூச்சு விட்டது. உள்ளே விடுகிற ஐந்து நிமிஷத்தில் ஆதிலட்சுமி அவன் காதோரம் குனிந்து, பழைய அதட்டலையே போட்டுப் பார்த்தாள். "எழுந்திருங்க, ஆளு இருக்கு." மெஷின் தன்பாட்டுக்கு மூச்சு விட்டது.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நினைவு இனித் திரும்பாது. இப்படியே வைத்திருக்கலாம், இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மெஷினை எடுத்தால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். "நீங்கதாம்மா முடிவு பண்ணணும்."

வராந்தா பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். பையைக்கூட அங்கே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். கொழுந்தன் வெற்றிச்செல்வனிடம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"மீனுக்கெல்லாம் பதில் சொன்னாரு தம்பி. இவரு பொழைப்பாரான்னு பன்னண்டு நாளா கேக்குறேன். வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

வீட்டுக்குக் கொண்டுபோவதற்கான தாளை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர், வயது, முகவரி. எத்தனையோ பேருக்கு நிரப்பிய கை தானாக ஓடியது. கடைசியில், 'என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்' என்று அச்சடித்து, கீழே ஒரு கோடு. அங்கே கை நின்றது.

வலப்பக்கம் நின்ற வெற்றிச்செல்வன் குனிந்தான். "அண்ணி, எப்பவும் போடுற பேரையே போட்டுடுங்க. எல்லாம் அவருதுன்னுதான சொல்றீங்க. பழி நமக்கு வேணாம்."

"எல்லாத்துலயும் போட்டேன் தம்பி. இதுல வேணாம்."

பேனாவை அவள் உள்ளங்கையில் கிடத்தவில்லை. காலியாக இருந்த இடப்பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, பரீட்சையில் பக்கத்து ஆள் பார்த்துவிடாதபடி பிள்ளைகள் மறைப்பார்களே, அப்படி இடது கையைக் குவித்து அந்தப் பக்கம் தாளை மறைத்துக்கொண்டு, ஆதிலட்சுமி என்று எழுதினாள்.