லுஹர் பாங்கின்போது அரைத்த கோப்பி

என் மருமகன் நோன்பை முறிக்கிறான் என்று ஊர் பேசியபோது, அது பொய் என்று நிச்சயமாக அறிந்தவன் நான். இரண்டு கிழமை வாய் திறக்கவில்லை. வெட்கத்தால் பேசவில்லை என்று பிறகு சிலரிடம் சொன்னேன். அதுவும் சரியில்லை. பயத்தால் பேசவில்லை.

மருமகன் கட்டாரில் ஒரு கோப்பிக் கடையில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி மகளுக்குக் கொடுத்த வீட்டில் அவனும் அவளும் இருக்கிறார்கள். அதே வளவில் பின்னால் கட்டிய இரண்டு அறைகளில் நானும் மனைவியும் இருக்கிறோம். சமைக்கும் குசினி இரண்டு குடும்பத்துக்கும் பொது. குசினிக்குப் பின்னால் தகரம் இறக்கி, காஸ் அடுப்பின் மேல் சுழலும் சிறிய உருளை ஒன்றை வைத்து அவன் கோப்பிக்கொட்டை வறுக்கத் தொடங்கினான். கண்டிப் பக்கத்துக் கொட்டை இரண்டு பங்கு, இந்தியக் கொட்டை ஒரு பங்கு. எத்தனையோ தடவை மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்துக் கண்டுபிடித்த கலவை அது. கல்முனையில் பெரிய கடைக்காரர் ஒருவர் பெருநாளைக்கு அதைத் தன் கடையின் முன்தட்டில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். அது நடந்தால் ஊரோடு நிற்கலாம். நடக்காவிட்டால் திரும்பவும் கட்டாருக்குப் போகவேண்டும். மகளுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

நோன்புக்கு ஒரு மாதம் முந்தி அவன் எனக்கு முதல் கோப்பையைத் தந்தான். கையால் பிடியை அழுத்தினால் கொதிநீர் தூளுக்குள்ளால் இறங்கும் கருவி. வடிந்தது மூன்று மிடறுக்கு மேல் இராது. மேலே தேன் நிறத்தில் நுரை.

"என்ன மனே, கண்ணுக்கு விடுற மருந்து மாதிரித் தாறாய்?"

"மருந்தெண்டே நினைங்க மாமா. உடனே விழுங்கிடாதீங்க. நாக்குல கொஞ்சம் வச்சிரிங்க."

முதலில் தேசிக்காயை நக்கியது போலப் புளித்தது. முகத்தைச் சுளித்தேன். அவன் சிரித்தான். இரண்டாம் மிடறில் புளிப்புக்குப் பின்னால் வறுத்த தேங்காய்ப்பூவின் எண்ணெய் மணம் வந்தது. விழுங்கிய பிறகு, பனங்கட்டி கரைவது போல ஓர் இனிப்புத் தொண்டையடியில் எழுந்து, நான் முற்றத்தைக் கடந்து என் அறைக்கு வந்து சேரும்வரை நின்றது. சீனி வருத்தம் வந்து பதினொரு வருடமாக வட்டிலப்பம் போன்ற இனிப்புகளைக் கண்ணால் மட்டும் பார்த்தவன் நான். சீனி போடாத ஒன்று இனித்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அவனோடு நின்று பழகினேன். அரைக்கும் கருவியின் வளையத்தை ஒரு பல் இறுக்கினால் தூள் நுண்மையாகும், நீர் மெல்ல இறங்கும், இனிப்புக் கூடும். தளர்த்தினால் புளிப்பு. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு இது விளையாட்டுப் பொருளாகிவிட்டது.

நோன்பு வந்தது. மூன்று நேரமும் சாப்பிட்டுக் குளிசை போடவேண்டும், நோன்பு பிடிக்கக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மார்க்கமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் பத்து வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை என்று பள்ளிவாசலில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். குளிசையை விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் மாற்றிக்கொண்டதாக வீட்டில் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் நடுப்பகலில் கை நடுங்கி, கண் இருட்டி, ஒரு துண்டுப் பாணை எடுத்துத் தின்று குளிசையைப் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். மறுநாள் கோப்பிப் போத்தலையும் திறந்தேன்.

மனைவியும் மகளும் பகலில் பக்கத்து வீட்டில் பெண்களோடு சேர்ந்து குர்ஆன் ஓதப் போவார்கள். மருமகன் பின்வழியால் கல்முனைக்குப் போய்விடுவான், அது ஒழுங்கைக்குத் தெரியாது. பின்னேரம்தான் வந்து வறுப்பான். எனக்குக் கொட்டை அரைக்கும் சத்தம்தான் பயம். ஆகவே நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை காத்திருப்பேன். ஒலிபெருக்கியில் பாங்கு எழும்பியதும் அரைக்கத் தொடங்குவேன். பாங்கு முடியுமுன் அரைத்து முடிக்கவேண்டும். 

ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்து நின்று குடிப்பேன். நெஞ்சு அடிக்கும். அது கோப்பியாலா, பயத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை. சக்கையை முருங்கைக்கு அடியில் புதைப்பேன். வாயைப் பலமுறை கொப்பளித்துவிட்டுப் பிந்திப் போய்க் கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்பேன். பக்கத்தில் ஒருவர் தோளோடு தோள் வந்து நின்றால் மூச்சை அடக்குவேன். என்ன ஓதினார்கள் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. பின்னேரம் நோன்பு திறக்கும் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் தாகத்தோடு இருப்பவனைப் போல உதட்டை நக்கிக்கொண்டு இருப்பேன்.

சத்தத்தை மறைத்தேன், வாசத்தை மறைக்க முடியவில்லை. வறுக்கும் வாசம் வேறு, வடித்த கோப்பியின் வாசம் வேறு என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது. எதிர்வீட்டுச் சாரன் வியாபாரி ஒருநாள் படலையடியில் மருமகனை மறித்தார்.

"என்ன மருமகன், லுஹரோட ஒரு கோப்பை உள்ள போகுது போல?"

"என்ன காக்கா கதைக்கிறீங்க? நான் நோன்பு. அந்நேரம் வீட்டுலயும் இல்ல."

"வாயிக்கு நோன்பு, மூக்குக்கு நோன்பில்லையே எங்களுக்கு."

பகிடியாகத்தான் தொடங்கியது. நாலைந்து நாளில் பகிடி போய்விட்டது. இரண்டு சிறு கடைகள் அவனுடைய கோப்பிப் பைகளைத் திருப்பி அனுப்பின. கல்முனைக் கடைக்காரர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். ஒரு பின்னேரம் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, பகல்ல நீங்க வீட்டுலதானே இரிக்கிறீங்க. குசினிக்கு ஆரும் வாறாங்களா?"

"நான் படுத்திருவன் மனே. எனக்கொண்டும் தெரியாது."

குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "ஓம் மாமா" என்றுவிட்டுப் போனான். மறுநாளும் நான் பாங்குக்காகக் காத்திருந்தேன். அரைத்தேன். குடித்தேன். அன்று அதில் இனிப்பு இருக்கவில்லை. பயந்த நாக்கில் ஒன்றும் தங்குவதில்லை.

நோன்பு முடிய நாலு நாள் இருக்கும்போது, கட்டாருக்கு யாரிடமோ விசா விசாரித்து அவன் பேசுவது மகளின் அழுகையோடு சேர்ந்து என் அறைக்குக் கேட்டது. அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, வழமையாகப் பத்துப் பேர் சாய்ந்திருக்கும் பள்ளித் தூணடியில் போய் நின்றேன். சாரன் வியாபாரியும் இருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வாசம் என்ட கோப்பிதான். நான்தான் நோன்பில்லாதவன். மருமகன்ட நோன்பு ஒண்டும் முறியல்ல."

 சாரன் வியாபாரிதான் முதலில் வாய் திறந்தார்: "சேருக்குச் சீனி வருத்தமெண்டு ஊருக்கே தெரியும். உங்களுக்குக் குற்றமில்லையே. என்னத்துக்கு ஒளிச்சீங்க?"

 மூலையில் இருந்த கிழவர் ஒருவர், என்னோடு படித்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ரெண்டு கிழமையா அந்தப் பொடியன்ட மூஞ்சியப் பார்த்துக்கிட்டா குடிச்ச நீ?"

அங்கிருந்து அப்படியே ஓட்டோ பிடித்துக் கல்முனைக்குப் போய்க் கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார். முன்தட்டில் வேறொருவரின் கோப்பி ஏற்கெனவே அடுக்கியிருந்தது. "அடுத்த முறை பாப்பம் சேர்" என்றார்.

வீட்டுக்கு வந்து மருமகனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவன் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும் மாமா. முதல் கிழமையே தெரியும். வளையம் ரெண்டு பல்லு இறுக்கி இருந்திச்சு. மாமிக்கும் உங்கட மகளுக்கும் அது திருப்பவே தெரியாது."

"பிறகேன் மனே ஊருக்குச் சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்கெண்டு இருந்தன்."

திரும்பவும் கொட்டை பொறுக்கத் தொடங்கினான். பெருநாள் முடிந்து மூன்றாம் கிழமை கட்டாருக்குப் போனான். பிள்ளை பிறந்தபோது அவன் இங்கே இல்லை. பத்து மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அந்தப் பத்து மாதத்தை நான் யாரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

இந்த வருட நோன்பில் அவனே பகலில் குசினி ஜன்னலைத் திறந்துவைத்து எனக்கு ஒரு கோப்பை வடித்துத் தருகிறான். நோன்பாளியான அவனால் சுவைக்க முடியாது. வறுவல் சரியா என்று அன்றன்றே சொல்ல ஒரு நாக்கு வேண்டுமாம். மேசையில் வைத்துவிட்டு எதிரே இருப்பான். பாங்கு தொடங்கினால் என் கை தானாகக் கோப்பையை விட்டுவிடுகிறது. முடியும்வரை தொடமாட்டேன். அதற்குள் நுரை கலைந்து கோப்பி ஆறிவிடும்.

"சுடச்சுடக் குடிச்சிருக்கலாம் மனே, வீணாக்கிட்டன்" என்றேன் நேற்று.

"ஆறினாத்தான் குறை தெரியும் மாமா. குடிச்சிட்டுச் சொல்லுங்க."

குடித்தேன். நெஞ்சு இப்போதும் அடிக்கிறது.

"கொஞ்சம் கரிஞ்சிருக்கு" என்றேன்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு வறுவல் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.