சிங்கராசா கடையில் 'போறன்' சொல்லக்கூடாது

தாழ்வுபாட்டு வீதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிங்கராசாவிடம் "அப்ப போறன்" என்று சொல்லித் தப்பியவர் யாருமில்லை. "போறனோ? எங்க, ஒரேயடியாவோ?" என்று காற்றடிக்கும் பம்பை நீட்டி வழியை மறித்துவிடுவார். "போட்டு வாறன் அண்ணே" என்று வாயால் வந்த பிறகுதான் ஆளை விடுவார். போய்விட்டு வருகிறேன் என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வெறுமனே போறன் என்று சொல்லிப் படியிறங்குவது கூடாது என்று எல்லா வீட்டிலும்தான் பிள்ளைகளைக் கண்டிக்கிறார்கள். ஆனால் அதற்காக மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளை வீதியில் மறித்துத் திருப்பியெடுத்த மனிதர் இவர் ஒருவர்தான்.

கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் டிலோஜன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா? 'காத்துப்போன கதைகள்' என்று பெயர் வைத்து யூடியூப்பில் பன்னிரண்டு பகுதித் தொடர் எடுத்தான். நடிகர் கிடையாது, எழுதிய வசனம் கிடையாது. கடையும், சிங்கராசாவும், வந்துபோகிறவர்களும்தான். ஒவ்வொரு பகுதியும் யாராவது 'போறன்' என்று சொல்லி மாட்டிக்கொள்வதோடு முடியும். ஏழாம் பகுதியில் பங்குச்சுவாமியே மாட்டிக்கொண்டார். கனடாவிலும் திருச்சியிலும் இருந்து சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிங்கராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. அறுபத்திரண்டு வயதில் மனிசன் இஸ்திரி போட்ட சட்டையோடு பஞ்சர் ஒட்டினார்.

கடைசிப் பகுதியைக் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில் வைத்து எடுத்தார்கள். "ஏன் அண்ணே இந்தச் சொல்லில உங்களுக்கு இவ்வளவு கோவம்?" என்று டிலோஜன் கேட்டான். ஏதாவது பகிடி வரும் என்று நினைத்துத்தான் கேட்டான். சிங்கராசாவும் பகிடிவிடத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"என்ர மகள் சுவேதினி இந்த வாசலில நிண்டுதான் 'அப்பா, நான் போறன்' எண்டவள். நான் 'போ' எண்டனான். 'போட்டு வா' எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே கூட. சொல்லேல்லை. போனவள்தான்."

டிலோஜன் கமராவை மெல்லச் சுவருக்குத் திருப்பினான். இயேசுவின் திரு இருதயப் படம், அதன் முன்னால் சின்னச் சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே வெள்ளை முக்காட்டோடு சுவேதினி சின்ன வயதில் முதல் நன்மை என்னும் நற்கருணை வாங்கிய நாளின் படம். அதோடு தொடர் முடிந்தது.

மறுநாள் விடியமுதலே கருத்துகள் வந்து குவிந்தன. "சிரிக்க வந்தனான், அழுதுகொண்டு போறன். மன்னியுங்கோ ஐயா, போட்டு வாறன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாரிசில் இருந்த ஒரு பெண், பதினொரு வருசத்துக்குப் பிறகு தாய்க்குப் போன் எடுத்ததாக எழுதினாள். சிங்கராசாவும் கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். பிறகுதான் வேறு மாதிரிக் கருத்துகள் வரத் தொடங்கின. "தங்கையின் ஆத்மா சாந்தியடையட்டும்." "எத்தினை வயசில காலமானவ, ஐயா?"

எல்லாம் அந்த விளக்கு பார்த்த வேலை. சைவ சமயத்து வீடுகளில் ஒருவரின் படத்துக்கு விளக்குப் போட்டிருந்தால் ஆள் இல்லையென்று அர்த்தம். இது இயேசுவுக்குப் போட்ட விளக்கு என்பது தாழ்வுபாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருச்சியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? 'போனவள்தான்' என்ற பேச்சும் சேர்ந்துகொள்ள, அவள் செத்தே போனாள்.

சுவேதினியோ தீவைவிட்டுப் பாலம் தாண்டி, ஒரு மணித்தியால ஓட்டத்தில், கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் ஒரு வயற்கிராமத்தில் புருசனோடும் மாமியோடும் உயிரோடு இருக்கிறாள். ஒன்பது வருசத்துக்கு முன்னர் கிருஷாந்தன் என்ற சைவப் பெடியனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அதற்குத்தான் அந்தப் 'போ'. இது ஊருக்கே தெரியும். தெரிந்தபடியால்தான் ஊர்ச்சனம், "அண்ணே, கடைசியில நல்லா நடிச்சுப்போட்டீங்கள்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனது. அவர் சொன்ன ஒரேயொரு உண்மையை யாரும் உள்ளபடி விளங்கிக்கொள்ளவில்லை.

மனைவி மாக்கிறட்தான் கோபத்தில் துள்ளிக் குதித்தாள். மகளோடு களவாகப் போனில் கதைப்பவள் அவள். சிங்கராசா அது தெரியாத மாதிரியே ஒன்பது வருசமும் இருந்தவர்.

"இஞ்சாருங்கோ, உயிரோட இருக்கிற பிள்ளைக்கு உலகமே அஞ்சலி செய்யுது. நீங்கள் குந்தியிருந்து வாசிக்கிறீங்கள். பிள்ளை இருக்கிறாள் எண்டு ஒரு வரி எழுதினா என்ன?"

"ஏமாத்திப்போட்டம் எண்டு ஏசுவாங்கள், ரெண்டு நாள் பொறுங்கோ" என்றான் டிலோஜன். அவன் தலையில் பழியைப் போட்டுவிடலாம், ஆனால் அது நியாயமில்லை. சிங்கராசாவுக்கே அது சுகமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஆயிரம்பேர் அவருக்காகக் கவலைப்பட்டார்கள். மகளைத் துரத்திய தகப்பன் என்பதைவிட மகளைப் பறிகொடுத்த தகப்பன் என்பது எவ்வளவு லேசு! ஐந்து நாள் அந்தச் சுகத்தில் கிடந்தார். பிறகு அதை நினைத்த நேரமெல்லாம் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஆறாம் நாள் காலையில் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது சுவேதினி. கையில் இருந்த சைக்கிள் ரியூப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிங்கராசா எழுந்து நின்றார். மாக்கிறட் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டாள். சுவேதினி அதில் உட்காரவில்லை.

"மாமி ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு விளக்குப் போட்டிருக்கினமே எண்டு அழுறா. என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ர பேரில அர்ச்சனை செய்தவ. நீங்கள் துரத்தின பிள்ளைக்கு, அப்பா, அவதான் ஆயுசு கேட்டு நிண்டவ."

"அது இயேசுவுக்குப் போட்ட விளக்கு, பிள்ளை..."

"எனக்குத் தெரியாதோ? நான் அந்த வெளிச்சத்தில படிச்சனான். அதை நீங்கள் ஏன் அஞ்சு நாளாச் சொல்லேல்லை?"

அவள் தன்னுடைய போனைத் தூக்கிப் பிடித்தாள். "இப்ப சொல்லுங்கோ" என்றாள்.

சிங்கராசா கிறீஸ் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "நான் சிங்கராசா கதைக்கிறன். என்ர மகள் சாகேல்லை. இந்தா, இந்தப் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது அவதான். தனக்குப் பிடிச்ச பெடியனைக் கட்டினவ. அதுக்கு நான்தான் போ எண்டு துரத்தினனான். நீங்கள் எல்லாரும் அழுததைப் பாத்து, உண்மையைச் சொல்லாமல் அஞ்சு நாள் ருசி கண்டனான். பிழை முழுக்க என்ர."

சுவேதினி போனை இறக்கவில்லை.

"சரி அப்பா," என்றாள். "நான் போறன்."

மாக்கிறட் கதவோடு சாய்ந்துகொண்டாள். பம்ப் சிங்கராசாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஊரில் எல்லாரையும் மறித்தவர் அதைத் தொடவில்லை. இவளை எந்த முகத்தோடு மறிப்பது?

"போட்டு வா, மகள்" என்றார்.

அவள் போனை அணைத்துப் பையில் வைத்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாலத்துப் பக்கம் போய்விட்டாள்.

அந்த வீடியோவை ஒன்றையும் வெட்டாமல், டிலோஜனைக்கொண்டு அதே சனலில் அப்படியே போடுவித்தாள். 'விளம்பரத்துக்கு மகளையே சாகடிச்ச கிழவன்' என்று பலர் திட்டினார்கள். டிலோஜன் அவற்றை அழிக்கப் போனான். "விடு, சரியாத்தான் எழுதியிருக்கினம்" என்று சிங்கராசா தடுத்துவிட்டார். இப்போது கடையில் 'போறன்' என்பவர்களை அவர் மறிப்பதில்லை. "போட்டு வா" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்.

திட்டியவர்கள் ஓய்ந்த பிறகு, ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. நோர்வேயில் இருந்து வந்தது, கிட்ட இருக்கும் கொண்டச்சியில் இருந்துகூட வந்தது. "ஐயா, அக்கா பிறகு வந்தவவோ?"

இப்போதெல்லாம் கருத்துகளுக்கு மாக்கிறட்தான் பதில் எழுதிக் கொடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சிங்கராசா போனைத் தானே வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, தன் பெயரில் முதல்தடவையாக ஒரு பதில் எழுதினார்.

"இன்னும் இல்லை."